விட்டம் சரி, வட்டம் சரியா?

டீசல் பம்புகளின் வழியே அடுகோடியை அறிந்த தொழில்முனைவோர் பலர். 1951-இல் தொடங்கப்பட்ட மைக்கோ, இன்றைய பாஷ், அவற்றை அங்குத் தயாரித்தது. அப்பம்பில் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இத்தகைய பாகங்களுக்கு விட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதாது.

மைக்ரோமீட்டர் எதிரெதிரான இரு புள்ளிகளின் இடைத்தூரத்தையே காட்டும். சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் மூன்று மேடுகளுடன் உருவான தண்டு, எப்பக்கம் அளந்தாலும் ஒரே விட்டத்தைக் காட்டக்கூடும். வி-பிளாக்கில் வைத்துச் சுழற்றி, மேலே டயல் கேஜை வைத்துப் பார்த்தால் குறை வெளிப்படும். அதிலும் ஓர் எச்சரிக்கை: 60 பாகை பிளாக் மூன்று மேட்டுப் பிழையை மும்மடங்காகக் காட்டும், ஐந்து மேட்டுப் பிழையை முற்றிலும் மறைத்துவிடும். 90 பாகை பிளாக் இரண்டையும் இருமடங்காகக் காட்டும். எனவே இரு பிளாக்குகளிலும் சோதிப்பது நலம். மெல்லிய வளையத்தை மூன்று ஜா சக்கில் இறுகப் பிடித்தபடியே அளப்பதும் தவறு; கழற்றியதும் அதன் வட்டம் மாறிவிடும்.

இதில் வங்கியாளர்களாகிய எங்களுக்கு என்ன அக்கறை? 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் செலுத்த உச்ச அவகாசம் 45 நாள். சரக்கு சேர்ந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்துமூலம் ஆட்சேபித்தால், அந்தக் குறை நீக்கப்பட்ட நாளிலிருந்தே அவகாசம் தொடங்கும். நடைமுறை மூலதனக் கடனின் வட்டியோ காத்திராது. ஆதலின், இயந்திரக் கடனுக்கான திட்ட அறிக்கையிலேயே அளவுக் கருவிகளின் விலையையும் சேர்த்துத் தருமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.