எலும்பு பிடி கொடுக்க வேண்டும்

"தோள்பட்டையில் ஜவ்வு கிழிந்திருக்கிறது" என்று ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சொன்னால், பெரும்பாலும் கையைத் தூக்க உதவும் தசையின் நாணைத்தான் சொல்கிறார். அறுந்த நாணை இழுத்துவந்து எலும்போடு சேர்த்துக் கட்ட வேண்டும். கட்டுவதற்கு உதவுவது ஆங்கர் என்ற சிறு திருகு. சுமார் ஐந்து மில்லிமீட்டர் பருமன். டைட்டானியத்திலோ உறுதியான பிளாஸ்டிக்கிலோ செய்தது. அதன் காதில் நூல் கோத்திருக்கும். சிறு துளை வழியே, கேமராவில் பார்த்தபடி அதை எலும்புக்குள் முறுக்கி இறக்கி, நூலை நாணில் தைத்து முடிச்சிடுகிறார்கள்.

இன்றைய நூல் எளிதில் அறுவதில்லை. வயதான பெண்களிடம் சில நேரம் எலும்பே விட்டுக்கொடுத்து, ஆங்கர் உருவிக்கொண்டு வந்துவிடுகிறது. நாண் அறுந்து கை பல மாதம் உழைக்காமல் கிடந்திருந்தால், அது ஒட்டியிருந்த எலும்பு மேடு உள்ளுக்குள் இன்னும் பொலபொலத்துப் போயிருக்கும்.

திருப்பதிப் பக்கம் இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. ஸ்விம்ஸ் மருத்துவமனையில் ஹரிநாராயணும் அவர் குழுவினரும் மாதவிடாய் நின்ற 164 பெண்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். எலும்பு உறுதிக்குத் தேவையான வைட்டமின் டி போதிய அளவு இருந்தது 18 சதவீதத்தினருக்குத்தான். வெயில் கொளுத்தும் ஊரில் இந்த நிலை! தோல் இந்தச் சத்தை நன்றாகத் தயாரிப்பது காலை 11 முதல் பிற்பகல் 2 மணி வரை என்றும் அதே ஊரில் செய்த ஆய்வு காட்டியது. நாம் எல்லோரும் நிழல் தேடி ஒதுங்கும் நேரம் அது.

பலமில்லாத எலும்பில் எப்படிப் பிடி ஏற்படுத்துவது? 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் பர்க்கார்ட், தெற்கு டெக்சாஸ் வேலிகளைப் பார்த்து யோசித்தார். அங்கே வேலியின் மூலைக்கம்பம் சாயாமலிருக்க, மண்ணில் புதைத்த கனத்த கல்லோடு கம்பியால் சாய்வாக இழுத்துக் கட்டுவார்கள். ஆங்கரையும் அதுபோலச் சாய்வாக, 45 டிகிரியோ அதற்குக் குறைவாகவோ இறக்கினால் இழுவையைத் தாங்கும் என்றார். பின்னர் நடந்த ஆய்வகச் சோதனைகளில் சில, நேராக இறக்கியதே நன்றாக நின்றதாகக் காட்டின; விவாதம் தொடர்கிறது.

கோணத்தைவிட இடம் முக்கியம் என்றே எனக்குத் தோன்றுகிறது. நாண் ஒட்டும் எலும்பு மேட்டின் கீழ்ப்பகுதியைவிட மேற்பகுதியில், குருத்தெலும்பின் ஓரத்தை ஒட்டி, எலும்பு அடர்த்தியாக இருக்கிறது. அங்கே ஆங்கரைப் போட வேண்டும். எலும்பின் மேற்பரப்பை அதிகம் சுரண்டக் கூடாது; மென்மையான எலும்பில் துளைக்கருவியால் பெரிய ஓட்டை போடுவதும் ஆகாது. பருமனான ஆங்கர், இரண்டு வரிசையாகக் கட்டிச் சுமையைப் பங்கிடுவது, ஓட்டைக்குள் சிறிதளவு எலும்பு சிமெண்ட் செலுத்துவது ஆகியவையும் கைகொடுக்கின்றன.

சித்தூரிலிருந்து திருப்பதி பர்ட் மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ அம்மாவைத் தோள் ஆபரேஷனுக்கு அழைத்துப் போகிறவர்கள், தேதி குறிக்கும் முன்பே எலும்பு அடர்த்தியையும் வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். குறைவு தெரிந்தால் அதற்கான சிகிச்சையை அப்போதே தொடங்கலாம். எந்த ஆங்கர், எத்தனை, எங்கே என்பதை டாக்டரும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்வார்.