அரைத்த மாவையே அரைக்கச் சொல்லும் ஆக்‌ஷன் கேம்கள்: தினம் அரை மணி நேரம் மட்டும் இருப்பவருக்கு இதில் இடம் உண்டா?

சேத்தூர், தளவாய்புரம் பக்கமிருந்து ராஜபாளையம் மில்லுக்கு ஷிப்ட் போகிறவராக இருக்கலாம். வீட்டு மாடியில் லேப்டாப்பை விரித்து வைத்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறவராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரு நாளில் கேமுக்குக் கிடைப்பது அரை மணி, மிஞ்சிப்போனால் முக்கால் மணி. ஆனால் அவர்கள் போனில் இன்ஸ்டால் செய்திருக்கும் 'கென்ஷின் இம்பாக்ட்', 'டயாப்லோ இம்மார்ட்டல்' போன்ற ஆக்‌ஷன் ஆர்பிஜி கேம்கள் நூற்றுக்கணக்கான மணி நேரத்தை விழுங்கக்கூடியவை.

ஆக்‌ஷன் ஆர்பிஜி என்றால் என்ன? பட்டனைத் தட்டித் தட்டி நேரடியாகச் சண்டை போட வேண்டும். கூடவே கதாபாத்திரத்தின் லெவல், ஆயுதம், கவசம் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். 1990-களின் பிற்பகுதியில் வந்த 'டயாப்லோ'தான் இந்த வகையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஒரே குகைக்குள் போய், அதே அரக்கனை அடித்து, நல்ல வாள் விழுகிறதா என்று பார்த்து, விழாவிட்டால் மறுபடியும் போவதுதான் இதன் அடிப்படை வேலை. கேமர்கள் இதற்கு 'கிரைண்ட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம்மூர் பாஷையில் அரைச்ச மாவையே அரைக்கிறது.

கேட்டால் அலுப்பாகத் தெரியும். ஆனால் அதில் ஒரு சுகம் இருக்கு. வேலையில் ஒரு வருஷம் உழைத்தாலும் இன்கிரிமென்ட் வருமா என்று தெரியாது. இங்கே இருபது நிமிஷம் ஆடினால் ஏதாவது ஒரு எண் கண்ணெதிரே ஏறும். அதனால் கிரைண்டை மொத்தமாக எடுத்துவிட்டால் இந்த வகை கேமே இருக்காது. அதிகமாகப் போட்டாலோ வேலைக்குப் போகிறவர் விலகிவிடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் கேம் டிசைனர்களுக்குத் தீராத தலைவலி.

ரேஷன் கடை கணக்கு

போன் கேம்கள் கண்டுபிடித்த வழி, கிரைண்டுக்கு ரேஷன் போடுவது. 2020 செப்டம்பரில் வந்த கென்ஷின் இம்பாக்ட்டில் இதற்குப் பெயர் ரெசின். எட்டு நிமிஷத்துக்கு ஒரு ரெசின் தானாகச் சேரும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 180. நல்ல கவசப் பொருள் வேண்டுமென்றால் ஒரு சுற்றுக்கு 20 ரெசின் செலவழிக்க வேண்டும். ஆக, ஒரு நாளைக்கு ஒன்பது சுற்று. அதற்கு மேல் ஆடினாலும் அந்தப் பரிசு கிடைக்காது, கடை சாத்தியாச்சு.

இதில் கவனிக்க வேண்டியது, சேர்த்து வைக்கக்கூடிய உச்சவரம்பு. கேம் வந்த புதிதில் அது 120. அதாவது 16 மணி நேரத்தில், மில் கணக்கில் சொன்னால் இரண்டு ஷிப்டில், தொட்டி நிரம்பிவிடும். அதன் பிறகு ஊறுவது எல்லாம் வழிந்து வீண். நாளைக்கு ஒரு தடவை மட்டும் கேமைத் திறக்கிறவருக்கு தினமும் 60 ரெசின், மூன்று சுற்று, காலி. சில வாரங்களிலேயே ஆட்டக்காரர்கள் சத்தம் போட, அதே நவம்பரில் வந்த அப்டேட்டில் வரம்பு 160 ஆனது. அதுவும் 21 மணி 20 நிமிஷம்தான், ஒரு நாளைக்குக் கொஞ்சம் குறைச்சல். 40 ரெசினைச் சேர்த்துக் கட்டி வைத்துக்கொண்டு, ஒரே சுற்றில் இரண்டு சுற்றின் பரிசை வாங்கும் வசதியும் அந்த அப்டேட்டில்தான் வந்தது.

வரம்பு 200 ஆனது 2024 ஜூனில். 26 மணி 40 நிமிஷம். கேம் வந்து கிட்டத்தட்ட நான்கு வருஷம் கழித்துத்தான், தினம் ஒரே ஒரு முறை ஆடுகிறவருக்கு நஷ்டம் இல்லை என்ற நிலை வந்தது. அதே கம்பெனி 2024 ஜூலையில் வெளியிட்ட 'ஸென்லெஸ் ஸோன் ஸீரோ'வில் ஆறு நிமிஷத்துக்கு ஒன்று, வரம்பு 240. பெருக்கிப் பார்த்தால் சரியாக 24 மணி நேரம். யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

ரேஷனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணி நேரம் ஆட நினைக்கிறவருக்கு இந்த முறை எரிச்சல். அவர் உட்காரும்போது கடை சாத்தியிருக்கும். அவசரமாக வேண்டுமென்றால் கேமுக்குள் இருக்கும் ரத்தினங்களைக் கொடுத்து ஒரு நாளில் ஆறு முறை வரை ரெசின் வாங்கலாம், விலை ஏறிக்கொண்டே போகும். அந்த ரத்தினங்களை நிஜப் பணம் கொடுத்தும் வாங்கலாம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பெயரை மாற்றினார்கள், கோபம் போச்சு

ரொம்ப நேரம் ஆடுகிறவரையும் எப்போதாவது வருகிறவரையும் ஒரே களத்தில் வைக்க முடியுமா? இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 2004-ல் வெளியான 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' ஆக்‌ஷன் ஆர்பிஜி அல்ல, ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் ஆர்பிஜி. ஆனால் பிரச்சினை அதேதான். பீட்டா சோதனையில், நீண்ட நேரம் தொடர்ந்து ஆடினால் கிடைக்கும் அனுபவப் புள்ளிகள் பாதியாகக் குறையும்படி பிலிஸார்டு நிறுவனம் வைத்திருந்தது. ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அதைத் திருப்பிப் போட்டார்கள்: ஓய்வெடுத்துவிட்டு வந்தால் 200 சதவீதம், அது தீர்ந்ததும் வழக்கமான 100 சதவீதம். பாதிதான் என்று அபராதமாகத் தெரிந்தது இப்போது இரட்டிப்பு போனஸாகத் தெரிந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

இது வெறும் வார்த்தை ஜாலம் என்று தள்ளிவிட முடியாது. 'நீ வராத நேரத்துக்கு ஏதாவது தருகிறேன்' என்று ஒரு கேம் சொல்வதும், 'நீ வராத நேரத்துக்குப் பிடித்துக்கொள்கிறேன்' என்று சொல்வதும் வேறு வேறு. ரெசின் தொட்டி வழிந்து வீணாவது இரண்டாவது ரகம். எவ்வளவு அரைக்கச் சொல்கிறது என்பதைவிட, இரண்டு நாள் வராவிட்டால் என்ன போகும் என்று பார்த்தால்தான் ஒரு கேமின் குணம் தெரியும்.

உதாரணத்துக்கு 'பாத் ஆஃப் எக்ஸைல்'. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் இதன் நிறுவனத்தின் பெயரே 'கிரைண்டிங் கியர் கேம்ஸ்', போர்டிலேயே எழுதிப் போட்டுவிட்டார்கள். உயர்ந்த லெவலில் ஒரு தடவை செத்தால் அந்த லெவலுக்கான அனுபவத்தில் பத்து சதவீதம் போய்விடும். கொடூரம்தான். ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை புது 'லீக்' தொடங்கும்போது எல்லாரும் பூஜ்ஜியத்தில் இருந்து ஆரம்பிப்பார்கள். இரண்டு வாரம் ஆடிவிட்டு, வேலைப் பளு வந்ததும் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து வந்தாலும் பின்தங்கிய உணர்வு இல்லை. கடுமையான கேம் என்று பேர் வாங்கியது, இந்த விஷயத்தில் பல 'ஈஸியான' போன் கேம்களைவிட நல்லபடியாக நடந்துகொள்கிறது.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. ஹைதராபாத்தின் 'ஓகர் ஹெட் ஸ்டுடியோ' 2017-ல் வெளியிட்ட 'அசுரா', இந்தியப் புராண வாடை அடிக்கும் வெட்டுக்குத்து கேம். செத்தால் முதலில் இருந்துதான். ஆனால் ஒவ்வொரு முறையும் திறன்களின் வரிசை மாறி மாறி வரும். மறுபடி ஆடினாலும் அதே மாவு இல்லை.

பணம் நடுவில் வந்தால்

2012 மே மாதம் வந்த 'டயாப்லோ 3'-ல் ஏலக் கடை ஒன்று இருந்தது. ஆட்டக்காரர்கள் தங்களுக்குக் கிடைத்த ஆயுதங்களை கேம் தங்கத்துக்கும் நிஜப் பணத்துக்கும் அங்கே விற்கலாம். நேரம் இல்லாதவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும், நேரம் இருக்கிறவர் அரைத்து விற்கட்டும். காகிதத்தில் பார்த்தால் அருமையான சமநிலை. நடந்தது வேறு. நல்ல ஆயுதம் கடையிலேயே கிடைக்கும்போது அரக்கனை எதுக்கு அடிக்கணும் என்று ஆகிவிட்டது. கேமின் உயிரே அடிபடுகிறது என்று பிலிஸார்டே ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று கடையை இழுத்து மூடியது. அதற்குச் சற்று முன்பே, விழும் பொருட்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விழுவது அந்தக் கதாபாத்திரத்துக்குப் பொருந்தும்படி மாற்றிவிட்டார்கள். அரைக்கும் நேரம் குறைந்தது. அதன் பிறகுதான் பலருக்கு அந்த கேம் மேல் மறுபடி பிரியம் வந்தது.

அதே வரிசையில் 2022 ஜூனில் போனுக்கு வந்த 'டயாப்லோ இம்மார்ட்டல்' அந்தப் பாடத்தை மறந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கதை முடிகிறவரை ஜாலியாகப் போகும். அதன் பிறகு பலம் ஏற வேண்டுமென்றால் அரிய ரத்தினங்கள் வேண்டும், அவை வேகமாகக் கிடைக்கும் வழி பணம் கட்டுவது. பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதிர்ஷ்டப் பெட்டிகள் மீதான கட்டுப்பாடு காரணமாக இந்த கேம் வெளியாகவே இல்லை.

கென்ஷினிலும் ஒரு மாதச் சந்தா உண்டு. காசு கட்டினால் 30 நாளைக்கு தினம் 90 ரத்தினம். ஆனால் அன்றன்றைக்குத் திறந்தால்தான் கிடைக்கும், விட்ட நாள் விட்டதுதான். அதாவது பணமும் கட்டி, வருகைப் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

அமெரிக்காவில் 2025 ஜனவரியில் கென்ஷின் நிறுவனம், நுகர்வோர் நலனைக் கவனிக்கும் மத்திய வர்த்தக ஆணையத்திடம் 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அரிய பரிசு கிடைக்கும் வாய்ப்பையும் அதற்கு ஆகும் உண்மையான செலவையும் மறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அதிர்ஷ்டப் பெட்டி விற்கக் கூடாது என்றும் உத்தரவு. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் குறிவைத்தது, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளை. ஆக்‌ஷன் ஆர்பிஜி-யில் கட்டுவது பணம், ஜெயிப்பதோ விற்க முடியாத வாள்.

அதனால் இங்கே காவல் போட வேண்டியது போன் வைத்திருப்பவர்தான். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு அல்லது கைரேகை கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று பட்ஜெட் குறிக்கும் வசதியும் அதில் இருக்கு. ஆனால் அந்த பட்ஜெட் வரம்பு நெருங்கும்போது எச்சரிக்கும், அவ்வளவுதான். அதைத் தாண்டி வாங்கினால் தடுக்காது.