எவரெஸ்ட் உச்சிக்குப் போன அம்பேத்கர் படம்

ஆனந்த்குமாரின் அப்பா சைக்கிள் பழுது பார்ப்பவர். பூர்ணாவின் பெற்றோர் விவசாயக் கூலிகள். 2014 மே 25 அன்று விடியற்காலையில், நேபாளத்தின், ஏன் உலகத்தின் மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரத்தில் இந்த இருவரும் நின்றார்கள். உயரம் 8,849 மீட்டர். தெலங்கானா தனி மாநிலமாக அப்போது ஒரு வாரமே பாக்கி.

ஆனந்த், கம்மம் மாவட்டத்துத் தலித் மாணவர். பூர்ணா, நிஜாமாபாத் மாவட்டம் பாகாலா கிராமத்து லம்பாடிப் பழங்குடிப் பெண். வயது 14கூட நிறையவில்லை. எவரெஸ்ட் ஏறிய பெண்களில் மிக இளையவர் அவர்தான். இருவரும் படித்தது அரசின் சமூக நல உண்டு உறைவிடப் பள்ளிகளில்.

அந்தப் பள்ளிகளின் செயலாளராக இருந்தவர் ஐ.பி.எஸ். அதிகாரி ஆர்.எஸ்.பிரவீண்குமார். அவரும் தலித்தான். 'விடுதிப் பிள்ளைக்குச் சோறும் பாடப் புத்தகமும் போதும்' என்ற நினைப்பு அவரிடம் இல்லை. போங்கிர் கோட்டைப் பாறையில் ஏறப் பழக்கினார்கள். அதில் தேறியவர்கள் டார்ஜிலிங் போனார்கள். பிறகு லடாக்கின் கடுங்குளிர். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர்.

16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நேபாளம் அனுமதி தருவதில்லை. அதனால் திபெத் பக்கமாக ஏறினார்கள். அந்த ஏப்ரல் 18இல்தான் நேபாளப் பக்கம் பனிச்சரிவில் 16 மலைத் தொழிலாளர்கள் மாண்டார்கள். பிள்ளைகள் திரும்பவில்லை. வழியில் உறைந்து கிடந்த சடலங்களைப் பார்த்ததாகப் பூர்ணா பின்னர் சொன்னார். பயணம் முடிய 52 நாள் ஆனது.

தேசியக் கொடியோடு அம்பேத்கர் படத்தையும் எஸ்.ஆர்.சங்கரன் படத்தையும் அவர்கள் கொண்டுபோனார்கள். சங்கரன் தமிழ்நாட்டில் பிறந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, ஆந்திராவில் கொத்தடிமைகளின் விடுதலைக்காக உழைத்தவர். இந்த உறைவிடப் பள்ளிகள் வந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பூர்ணா 2022இல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் ஏறி முடித்தார். 2017இல் அவர் பெயரிலேயே இந்திப் படமும் வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் உடன் ஏறிய ஆனந்தின் பெயர் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மலையேற்ற அடிப்படைப் பயிற்சி டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் உள்ள அரசு நிறுவனங்களில் கிடைக்கிறது. சுமார் நான்கு வாரம். நம் மாவட்ட ஆதிதிராவிடர் நல விடுதிகளின் அறிவிப்புப் பலகையில் இதையும் ஒரு வரி எழுதிப் போடலாம்.