ஃபைட்டர் மீனும் திருப்பூர் உப்புத் தண்ணீரும்

திருப்பூரில் வண்ண மீன் விற்கும் கடைகளில் ஃபைட்டர் மீனைத் தனியே, சின்னச் சின்ன பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். தங்க மீனுக்கும் மோலிக்கும் மோட்டார் குமிழ் விட்டுக்கொண்டிருக்கும். இதற்கு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர். காற்றை நேராகக் குடிக்கும் மீன் இது, மோட்டார் வேண்டாம், கண்ணாடிக் குடுவையே போதும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். காற்றைக் குடிக்கும் என்பது உண்மை. குடுவை போதும் என்பது அந்த உண்மையிலிருந்து எடுத்த தவறான முடிவு. அதைச் சரிசெய்யச் செடி வளர்ந்த சிறு தொட்டிதான் நல்ல வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்தில் அந்தத் தொட்டியை அமைக்கிறவர் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊற்றப்போகும் தண்ணீரில் உப்பு எவ்வளவு?

ஃபைட்டர் மீனின் தாயகம் தாய்லாந்தின் சமவெளி வயல்களும் சதுப்புகளும். பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற அறிவியல் பெயரை 1910-இல் சார்லஸ் டேட் ரீகன் சூட்டினார். மனிதர் இதை வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும் என்று 2022-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு கணக்கிட்டது. செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளின் மீது ரத்த நாளம் நிறைந்த தோல் போர்த்திய ஒரு உறுப்பு இதற்கு உண்டு. மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கினால் அங்கே ஆக்சிஜன் ரத்தத்தில் சேரும். நமக்கு இது புதிதல்ல. நம் வயல்களின் பனையேறிக்கும் இதே உறுப்புதான். தரங்கம்பாடியில் பனைமரத்தில் ஏறக் கண்டதாக டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப் 1797-இல் லண்டன் லின்னியன் சங்கத்துக்குத் தெரிவித்த மீன் அது. சேற்றுக் குட்டையில் விரால் தாக்குப்பிடிப்பதும் இதுபோன்ற ஏற்பாட்டால்தான். வளர்ந்த ஃபைட்டரை மேற்பரப்புக்கு வரவிடாமல் தடுத்தால், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரிலும் அது மூச்சு முட்டிச் செத்துவிடும்.

இந்த உறுப்பு தீர்த்துவைப்பது ஆக்சிஜன் பற்றாக்குறையை மட்டுமே. உடலில் உண்டாகும் அம்மோனியாவை ஃபைட்டரும் மற்ற மீன்களைப் போலச் செவுள் வழியாகத் தண்ணீரில்தான் விடுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியா சேரும். ஒரு லிட்டர் குடுவையில் அது நீர்த்துப்போக இடமில்லை. இங்கே கார அமிலத் தன்மையும் குறுக்கிடுகிறது. பி.எச். அளவு 7 உள்ள 25 டிகிரித் தண்ணீரில், மொத்த அம்மோனியாவில் நச்சு வடிவில் இருப்பது 1 விழுக்காட்டுக்கும் குறைவு, பி.எச். 8 ஆனால் அது 5 விழுக்காட்டைத் தாண்டிவிடும். கொங்குப் பாறை நிலத்தின் போர் தண்ணீர் பெரும்பாலும் காரப் பக்கம் சாய்ந்தது. ஆக, அதே அளவு கழிவு இங்கே கூடுதலாகச் சுடும். வேறொரு மீனாக இருந்தால் மூச்சுத் திணறி ஒரே நாளில் மேலே மிதந்து, ஏதோ கோளாறு என்று காட்டிக்கொடுத்திருக்கும். ஃபைட்டர் காற்றைக் குடித்துக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும்; துடுப்பு ஓரம் கரையும், நிறம் மங்கும், அடியில் ஒடுங்கும். அதன் பொறுமையை நாம் வசதி என்று எடுத்துக்கொள்கிறோம்.

இயற்கையிலேயே இது வயல் குட்டையில்தானே கிடக்கிறது என்பார்கள். குட்டை ஆழம் குறைந்ததுதான். ஆனால் அதன் பரப்பையும் அடியில் உள்ள சேற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு வயலில் கணுக்கால் அளவே தண்ணீர் நின்றாலும் அது பல ஆயிரம் லிட்டர். அதில் நெல் வேரும் பாசியும் மண் நுண்ணுயிரும் மீன் கழிவை உடனுக்குடன் எடுத்துக்கொள்கின்றன. கோடையில் குட்டை வற்றிச் சுருங்குவது அந்த மீன் கடந்துபோக வேண்டிய ஒரு நெருக்கடி. அந்த நெருக்கடியை ஆயுள் முழுவதற்கும் நீட்டி வைப்பதுதான் குடுவை வளர்ப்பு.

தினமும் தண்ணீரை மாற்றிவிட்டால் போகிறது என்பது அடுத்த பதில். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அம்மோனியா அப்போதைக்குக் குறையும். ஆனால் ஒவ்வொரு முறையும் வெப்பம், காரம், உப்பு மூன்றும் மாறி மீன் திகைக்கும். அதைவிட, அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணலிலும் கல்லிலும் இலையிலும் ஒட்டிக் குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். நாள்தோறும் கழுவித் துடைக்கும் குடுவையில் அவை குடியேறுவதே இல்லை. செடி இருந்தால் இந்த வேலைக்கு இன்னொரு கை சேர்கிறது. நீர்ச்செடிகளில் பல, நைட்ரேட்டைக் காட்டிலும் அம்மோனியத்தை முதலில் உறிஞ்சுகின்றன. டயானா வால்ஸ்டாட் 1999-இல் வெளியிட்ட செடித் தொட்டிச் சூழலியல் நூல் இந்த வாதத்தின் மீதுதான் எழுந்தது. இதற்குச் சான்று தேடித் தொலைவு போக வேண்டாம். சாக்கடை கலக்கும் நம் குளங்களில் ஆகாயத்தாமரை அப்படி மண்டுகிறதே, அதைக் கொழுக்க வைப்பது கழிவில் உள்ள நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான்.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். திருப்பூருக்கு வந்தால் கணக்கு மாறுகிறது, ஏனென்றால் செடியும் பாக்டீரியாவும் தின்ன முடியாத ஒன்று தண்ணீரில் இருக்கிறது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 60 கிராம் அளவுக்குக்கூடப் போடுவார்கள். சாயத்தை நூலிடம் தள்ளிவிடுவதே உப்பின் வேலை; அது துணியில் தங்காமல் முழுவதும் கழிவோடு வெளியேறும். கழிவில் உள்ள கரிமப் பொருளை நுண்ணுயிர்த் தொட்டிகள் செரிக்கும். உப்பு வந்தபடியே தாண்டிப்போகும். சென்னிமலைக்கு அருகே 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை நொய்யலில் வந்த இந்த உப்பைத்தான் தேக்கியது. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவே வெளியேறாத முறைக்குத் தொழில் மாறியதும், சவ்வூடு வடிகட்டலும் ஆவியாக்கிகளும் வந்ததும் அதன் பிறகு வேகம் பிடித்தவை. ஆனால் முன்பு இறங்கிய உப்பு நிலத்தடியில் இருக்கிறது. நொய்யல் கரையோரக் கிணறுகள் பலவற்றில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,000 மில்லிகிராமைத் தாண்டியதை ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. குடிநீருக்கான இந்தியத் தரம் விரும்பத்தக்கதாகச் சொல்வது 500.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர் தண்ணீரை நிரப்பினால், உள்ளே 20 கிராம் உப்பு இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் திறந்த தொட்டியிலிருந்து வாரம் இரண்டு லிட்டர் ஆவியாகிறது என்று கொள்வோம். போவது தண்ணீர் மட்டும். உப்பு அங்கேயே நிற்கும். குறைந்த இரண்டு லிட்டரை அதே போர் தண்ணீரால் ஈடுகட்டினால் வாரம் 2 கிராம் உப்பு கூடும். பத்தே வாரத்தில் 40 கிராம், அதாவது லிட்டருக்கு 2,000. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், செடி பச்சையாக இருக்கும், அம்மோனியாச் சோதனையும் சுத்தம் என்றே சொல்லும். மெல்லக் கூடும் உப்பை ஃபைட்டர் ஓரளவு சமாளித்துவிடும். ஆபத்து வருவது, ஒருநாள் தொட்டியை மொத்தமாகக் கழுவி, குழாயில் வரும் உப்புக் குறைந்த ஆற்றுத் தண்ணீரை நிரப்பும்போது. மீனின் உடல் உப்புச் சமநிலையை அந்த வேகத்தில் திருத்திக்கொள்ள முடியாது. நேற்றுவரை நன்றாக இருந்தது, தண்ணீர் மாற்றியதும் செத்துவிட்டது என்ற பேச்சில் பலவற்றுக்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் வீட்டு ஆர்.ஓ. தண்ணீரையே நிரப்பிவிடலாமே என்று தோன்றும். அது மறுகோடி. கால்சியமும் பைகார்பனேட்டும் நீங்கிய தண்ணீரில், பாக்டீரியா வேலையில் உண்டாகும் அமிலத்தைத் தாங்க எதுவும் இல்லாமல் பி.எச். சரிந்துவிடும்; செடிக்கும் சத்து போதாது. மாநகராட்சிக் குழாயில் வரும் பவானி, காவிரித் தண்ணீர்தான் இங்கே முதல் தேர்வு. அதில் குளோரின் உண்டு. ஒரு நாள் திறந்து வைத்தால் பெரும்பகுதி போகும், அல்லது துணி வெளுப்பில் குளோரின் மிச்சத்தைப் போக்கும் அதே ஹைப்போவை, மீன் கடையில் விற்கும் கரைசலாக வாங்கி ஓரிரு சொட்டு விடலாம். போர் தண்ணீர் மட்டுமே உள்ள வீட்டில் அதையும் ஆர்.ஓ. தண்ணீரையும் கலந்து, கரைந்த உப்பை லிட்டருக்கு 200-லிருந்து 400 மில்லிகிராமுக்குள் கொண்டுவர வேண்டும். கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று இதற்குப் போதும்; அலங்காரப் பொம்மைக்குச் செலவிடுவதை இதற்குச் செலவிடுங்கள். ஆவியாகிக் குறைந்ததை ஈடுகட்ட மட்டும் ஆர்.ஓ. தண்ணீரோ வடிகட்டிய மழைத் தண்ணீரோ ஊற்ற வேண்டும், ஏனென்றால் போனது உப்பில்லாத தண்ணீர். பாதாம் இலை போட்டால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அதன் துவர்ச் சத்து மீனுக்கு இதமானது, நுண்ணுயிரை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் கடினத் தண்ணீரின் காரத்தை அது அசைக்காது, உப்பைத் தொடவும் செய்யாது.

தொட்டி அமைப்பது எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஓரடி உள்ள கண்ணாடித் தொட்டி 28 லிட்டர் கொள்ளும். மண்ணும் மேலே விடும் இடைவெளியும் போக 20 லிட்டர் தண்ணீர் நிற்கும். அடியில் உரம் கலக்காத தோட்டத்து மண் ஓர் அங்குலம், அதன் மேல் கழுவிய மணல் ஓர் அங்குலம். நம் பக்கத்து மண்ணில் சுக்காங்கல் கலந்திருக்கும்; அது கரைந்து கடினத்தன்மையை ஏற்றும். வினிகர் விட்டுப் பார்த்து, நுரைத்தால் அந்த மண்ணை ஒதுக்கிவிடுங்கள். கடினத் தண்ணீரைச் சபிக்காமல் அதற்கேற்ற செடியைத் தேர்வதே புத்திசாலித்தனம். வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுத்துக்கொள்ளும். வாயு சிலிண்டர் தேவையில்லை. ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மண்ணில் புதைக்காமல் கட்டையில் கட்டிவிட வேண்டும். முதல் நாளே செடியை நெருக்கமாக நட்டு, எல்.இ.டி. விளக்கை நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரியவிட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீனை விட வேண்டும். இந்தக் காத்திருப்புதான் பலருக்குக் கடினம். மேலே மூடி அவசியம்: ஃபைட்டர் தாவும், ஆவியாதல் குறையும், மீன் விழுங்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்கும். மார்கழி இரவுகளில் தண்ணீர் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் சிறு ஹீட்டர் வேண்டும். ஆண் மீன் ஒன்றுக்கு மேல் கூடாது.

பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போய்வருகிறவருக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. தொடக்கச் செலவு குடுவையைவிடக் கூடத்தான் செய்யும். ஆனால் நாள்தோறும் மாற்றும் குடுவைக்குத் தேவைப்படும் கவனம் இதற்கு வேண்டாம். வாரம் ஒருமுறை நான்கைந்து லிட்டர் எடுத்து, கலந்து வைத்த தண்ணீரை ஊற்றினால் போதும். மின்வெட்டிலும் இந்த மீனும் செடியும் பதறாது. டெங்குக்குப் பயந்து வீட்டில் தண்ணீர் தேக்கத் தயங்குகிறவர்களுக்கும் பதில் உண்டு: கொசுப் புழு ஃபைட்டரின் விருப்பத் தீனி. மீன் இல்லாமல் செடி மட்டும் வேர்பிடிக்கும் அந்த நான்கிலிருந்து ஆறு வாரம்தான் மூடியைக் கவனமாகப் போட்டு வைக்க வேண்டிய காலம்.

இந்தச் செடிகள் பெருகும், வெட்டியதை எங்காவது போட்டாக வேண்டும். திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2024-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏற்கெனவே கழிவையும் ஆகாயத்தாமரையையும் தாங்கிய நீர்நிலைகளில் அயல் செடியையும் அயல் மீனையும் சேர்க்க நமக்கு உரிமையில்லை. வெட்டிய செடியை வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடலாம். வளர்க்க முடியாமல் போன மீனை, வாங்கிய கடைக்கோ வளர்க்கத் தெரிந்த இன்னொருவருக்கோ கொடுத்துவிடலாம்.