படலைக்கு வராத மீற்றர்

மீற்றர் பார்ப்பவர் படலையைத் திறந்தால் நாய் குரைக்கும். கட்டணம் கட்டாததால் இணைப்பை வெட்ட வருபவரிடமும், "தம்பி, இரண்டு நாள் பொறுங்கோ" என்று நாம் கேட்கலாம்.

பிரித்தானியாவில் இப்போது பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் 'ஸ்மார்ட் மீற்றர்' உண்டு. பாவித்த அலகுகளை அதுவே கம்பனிக்கு அறிவித்துவிடும். உத்தேசக் கணக்கில் பட்டியல் வந்து சண்டைபிடிக்க வேண்டியதில்லை. அது நல்லதுதான். ஆனால் அரைமணிக்கொரு கணக்குப் போனால், வீட்டார் எப்போது எழும்புகிறார்கள், வீடு எப்போது பூட்டிக் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடுமே என்று பலர் அஞ்சினார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்த எமக்கு அந்த அச்சம் விளங்கும். எத்தனை நாளுக்கொரு கணக்கு அனுப்புவது என்பதை அங்கே வீட்டுக்காரரே தெரிவுசெய்யலாம்.

பெரிய இடி வேறு பக்கத்தால் வந்தது. இந்த மீற்றரைக் கம்பனி தூரத்திலிருந்தே, முற்பணம் கட்டினால் மட்டும் மின்சாரம் தரும் முறைக்கு மாற்றலாம். 2022 இல் எரிவாயு விலை ஏறிப் பலர் கடன்பட்டபோது அப்படியே மாற்றினார்கள். எவரும் வாசலுக்கு வரவில்லை. காசு முடிந்தால் இருட்டு. மாரியில் குளிரும் சேர்ந்துகொள்ளும். உள்ளே நோயாளி இருக்கிறாரா, கைக்குழந்தை இருக்கிறதா என்று மீற்றர் அறியாது.

எதிர்ப்புக் கிளம்பியபின், 2023 பெப்ரவரியில், கண்காணிப்பு அமைப்பான ஒஃப்ஜெம் இதனை நிறுத்திவைக்கச் சொன்னது. ஏப்ரலில் புதிய ஒழுங்குகள் வந்தன. வலிந்து மாற்றுமுன் வீட்டுக்காரருடன் தொடர்புகொள்ளப் பத்துத் தடவையாவது முயலவேண்டும். ஒருவர் நேரில் போய் வீட்டு நிலைமையையும் பார்க்கவேண்டும்.