மாடிப்படியும் லிஃப்டும்: தாதர் முதியவர்கள், அன்றும் இன்றும்

மும்பையில் தாதரை ஒட்டிய நாய்காவ் பி.டி.டி. சால்களில் (ஒற்றை அறைக் குடியிருப்புகளில்) ஓர் அறை 160 சதுர அடி. தரைத்தளத்துக்கு மேல் மூன்று மாடி. 1920-களில் பம்பாய் வளர்ச்சித் துறை (பி.டி.டி.) கட்டியவை. லிஃப்ட் கிடையாது. கழிப்பறை வராந்தாவின் கோடியில், மாடி முழுவதற்கும் பொது.

தொண்ணூறு வயதில் இங்கே எப்படி வாழ்வது என்று அன்று யாரும் யோசிக்கவில்லை. சுதந்திரம் வந்தபோது இந்தியரின் சராசரி ஆயுளே 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. அறுபதாம் கல்யாணம் பார்ப்பதே பெரும் பேறு. இன்றோ மாட்டுங்கா, தாதர் தமிழ் வீடுகளுக்குச் சதாபிஷேகப் பத்திரிகை வருவது சாதாரணம்.

சாலில் முதியவரின் இடம் வாசல். வராந்தாவில் ஒரு கட்டில், அல்லது ஒரு ஸ்டூல். பால்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். "ஆஜி, சஹா ஜாலா கா?" என்று மராத்தியில் ஒருவர் கேட்பார், "பாட்டி, டீ ஆச்சா?" என்று தமிழில் இன்னொருவர். பேச ஆளில்லை என்ற குறை அங்கே இல்லை.

அதற்காக அந்த வாழ்க்கையை ஏக்கத்தோடு புகழ எனக்கு மனமில்லை. பழைய கட்டடங்களின் செங்குத்தான மரப்படிகளில், பிடித்து ஏறத் தொங்கும் கயிற்றை நம்பி எத்தனை முழங்கால்கள் தேய்ந்திருக்கும்! இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து, சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்ட பாட்டிகள் உண்டு. தனியார் கட்டடங்களில் 1947-ன் வாடகைச் சட்டம் வாடகையை உறைய வைத்தது. குடியிருப்பவர் பிழைத்தார், வீட்டுக்காரரோ பராமரிப்பையே கைவிட்டார். லிஃப்டுக்கு எங்கே போவது?

இப்போது சால்கள் இடிபடுகின்றன. வொர்லி பி.டி.டி. சால்வாசிகளில் முதல் தொகுதியினர் 2025 ஆகஸ்டில் 40 மாடிக் கட்டடங்களில் வீட்டுச் சாவி வாங்கினார்கள். வீடு 500 சதுர அடி, கழிப்பறை உள்ளேயே. தளர்ந்த உடம்புக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் கதவு சாத்தியிருக்கிறது. மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் இரவுவரை தொலைக்காட்சிதான் துணை.

தாதரில் மிகவும் வயதானவர்களின் சிரிப்பைக் கேட்க வேண்டுமானால் சிவாஜி பார்க் போக வேண்டும். 1925-ல் மாநகராட்சி திறந்த மைதானம். அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடும் குட்டைச் சுவரை எல்லோரும் 'கட்டா' என்பார்கள். காலையில் அதே முகங்கள் அதே இடத்தில் உட்கார்ந்து கிரிக்கெட்டும் அரசியலும் மூட்டுவலியும் பேசும். ஒருவர் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்கு போன் போகும். மைதானத்துக்கு உள்ளேயே முதியவர்களுக்கென்று நானா-நானி பார்க்கும் உண்டு. 1938 முதல் நடந்துவரும் ஹார்வர்டு ஆய்வும், முதுமையில் நலத்தையும் மகிழ்ச்சியையும் தாங்கி நிற்பது நல்ல உறவுகளே என்கிறது.

ஆனால் கட்டாவுக்கு வருகிறவர்கள் நடக்க முடிந்தவர்கள். உடைந்த நடைபாதையையும் பைக்குகளையும் தாண்டி வர முடியாத தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு, கட்டா அவர்கள் கட்டடத்துக்குள் வந்தாக வேண்டும்.

உங்கள் கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறதா? கையெழுத்துப் போடுமுன் பார்க்கிங்கை மட்டும் கேட்காதீர்கள். லிஃப்ட் வாசலருகே, ஆட்கள் போய்வரும் வழியில், காற்றாட உட்கார ஒரு நீண்ட பெஞ்சு வரைபடத்தில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் போடச் சொல்லுங்கள்.