ஐந்து பெட்டை, ஒரு சேவல்... கொல்லைக் கோழிக்கு இது போதும்!

நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்று முடிவு செய்ததும் பலர் முதலில் கொட்டகை போடுகிறார்கள். அடுத்து, 100 குஞ்சுகளை மொத்தமாக வாங்கி இறக்குகிறார்கள். மூன்றாவது மாதம் போய்ப் பார்த்தால் கொட்டகை மட்டும் நிற்கும். பண்ணைத் தொழிலுக்கான கணக்கைக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுவந்தால் இப்படித்தான் ஆகும்.

கொல்லைக் கோழிக்கு முட்டையிடும் பருவத்தில் நான்கைந்து பெட்டை, ஒரு சேவல், ஒரு பஞ்சாரம், இரவில் அடைக்க ஒரு கூண்டு இருந்தால் போதும். வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுக்கு ஆட்டுக்கும் முந்தைய வழி இதுதான். பள்ளிக்கூடச் செலவு, திடீர் மருத்துவச் செலவு என்று எது வந்தாலும், யாரிடமும் கை நீட்டாமல் ஒரு சேவலைப் பிடித்து விற்றுச் சமாளித்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. மாட்டுக் கொட்டிலைக் கிளறி ஈப்புழுவைத் தின்று தீர்ப்பதும், தாய்க்கோழி பின்னால் குஞ்சுகள் உருண்டு ஓடுவதைப் பிள்ளைகள் பார்த்து நிற்பதும் கணக்கில் வராத லாபம்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சிறுவிடைதான் ஏற்றது. பெருவிடைக்கு எடை அதிகம், விலையும் கிடைக்கும். ஆனால், அடையில் உட்காரும்போது முட்டையை மிதித்து உடைத்துவிடும். அதிக முட்டைக்காக உருவாக்கப்பட்ட கலப்பினங்களில் பல, அடையே படுக்காது. சிறுவிடை அடைகாத்து, குஞ்சைக் கூட்டிச் சென்று, பருந்தைக் கண்டால் குரல் கொடுத்துக் காப்பாற்றவும் செய்யும். சந்தையில் கிடைத்ததைப் பிடித்து வருவதைவிட, தெரிந்த வீட்டில் ஓர் ஈடு முட்டையிட்ட இளம் பெட்டையாக வாங்குவது நல்லது. எங்கிருந்து வாங்கினாலும் இரண்டு வாரம் தனியாக அடைத்து வைத்துப் பார்த்த பிறகே பழைய கோழிகளோடு சேர்க்க வேண்டும். ஊருக்குள் நோய் பெரும்பாலும் சந்தைக் கோழியின் காலில்தான் நடந்து வருகிறது.

சிறுவிடை ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை இடும். முட்டை ஒவ்வொன்றிலும் கரித்துண்டாலோ பென்சிலாலோ தேதி குறித்துவிட வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஒரு வாரத்துக்கு மேல் பழையதான முட்டையில் பொரிப்பு குறையும். கோடையில் இன்னும் சீக்கிரமே கெடும். எனவே, முதலில் இட்டவற்றைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுத்துவிட்டு, கடைசியாக இட்டவற்றோடு மற்ற பெட்டைகளின் புது முட்டையையும் சேர்த்து, பத்துப் பன்னிரண்டு மட்டும் அடை வைக்கலாம். முட்டையைக் கழுவக் கூடாது. பழைய கூடையில் மணலோ உமியோ பரப்பி, இருட்டான மூலையில் வைத்தால் போதும். கூடையில் கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இரும்புத்துண்டு போடும் வழக்கத்தை வீட்டில் பெரியவர்கள் விடமாட்டார்கள். போட்டால் கெடுதல் இல்லை. ஆனால் பொரிப்பைத் தீர்மானிப்பது முட்டையின் வயதும் சேவலும்தான்.

ஏழாவது நாள் இரவில் கைப்பேசி வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு வளர்வதில் சிலந்திவலை மாதிரி சிவப்பு நரம்பு தெரியும். எதுவும் தெரியாமல் வெளுத்திருப்பது கூமுட்டை, எடுத்துவிடலாம். 21-ம் நாள் பொரியும். இரண்டு பெட்டைகளை ஒரே நாளில் அடை வைத்தால், பொரித்த அன்று இரவே எல்லாக் குஞ்சுகளையும் ஒரு தாயிடம் விட்டுவிடலாம். இன்னொரு பெட்டை சீக்கிரமே அடுத்த ஈட்டுக்குத் திரும்பும். பெட்டை தானே குஞ்சுகளோடு இரண்டு, மூன்று மாதம் சுற்றினால் ஆண்டுக்கு மூன்று ஈடு கிடைப்பதே பெரிது.

பொரிப்பு குறைந்துகொண்டே வந்தால் சேவலைப் பார்க்க வேண்டும். அதே சேவல், அதன் மகள், பேத்தி என்று ஒரே இரத்தத்தில் சுழன்றால் குஞ்சு நோஞ்சானாகும். ஆண்டுக்கு ஒருமுறை வேறு ஊர்ச் சேவலை மாற்றிக்கொள்வது செலவில்லாத மருந்து.

தீவனத்துக்குப் பெரிதாகச் செலவில்லை. குஞ்சுகளுக்கு முதல் சில வாரம் நொய், உடைத்த கம்பு, சோளக் குருணை. கூடவே கரையான். பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் குஞ்சுகளுக்குப் புரதம் தயார். முருங்கைக்கீரை, அசோலா, சமையல் கழிவு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். தோடு மெலிந்த முட்டை வந்தால் கிளிஞ்சல் தூள் வைக்கலாம்.

பருந்து, காக்கை, கீரி, நாய் எல்லாம் எடுப்பது ஒன்றிரண்டு. மொத்தத்தையும் துடைத்துச் செல்வது வெள்ளைக்கழிச்சல் என்னும் ராணிக்கெட் நோய்தான். காலையில் ஒரு கோழி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும். சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரத்தில் தெருவே காலியாகும். இது வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. மஞ்சளும் கீழாநெல்லியும் அரைத்துக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று காத்திருந்தால் நாள்தான் போகும். பலர் செய்வது போல, நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தையில் தள்ளினால், அது அடுத்த ஊருக்குக் கொள்ளி வைத்த மாதிரி. செத்ததைக் குப்பையில் வீசாமல், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்க வேண்டும்.

தடுப்பூசிக்கான நாட்களை வீட்டு நாள்காட்டியிலேயே எழுதி வைத்துக்கொள்ளலாம். பொரித்த 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து. நான்காவது வாரம் குடிநீரில் லசோட்டா. எட்டாவது வாரம் இறக்கையில் தோலுக்கு அடியில் ஊசி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம்.

இதில் சிறு குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மருந்துக்குப்பி பொதுவாக 100 கோழிகளுக்கோ அதற்கு மேலோதான் வருகிறது. வீட்டில் இருப்பதோ பதினைந்து. மருந்தைக் கலந்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எடுத்து வைத்து மறுநாள் போட்டால் வீண். அதனால் தெருவில் ஏழெட்டு வீடுகள் பேசிவைத்து ஒரே நாளில் போடுவதுதான் வழி. ஒருவர் பிளாஸ்கில் ஐஸ்கட்டியோடு மருந்தை வாங்கி வர, விடியற்காலையில் கோழிகளைக் கூண்டில் இருந்து திறந்துவிடும் முன்பே போட்டு முடித்துவிடலாம். செலவும் பங்காகும். பக்கத்து வீட்டுக் கோழிக்கும் ஊசி போட்டிருந்தால்தான் நம் வீட்டுக் கோழிக்கும் பாதுகாப்பு. தமிழகத்தில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடை பராமரிப்புத் துறை, எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசமாகக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடையில் நோய் மும்முரமாவதற்கு முன்பு வரும் இந்த முகாமைத் தவறவிடக் கூடாது.

விற்பனைக்கும் மாதக் கணக்கு உண்டு. சிறுவிடைச் சேவல் விற்கும் எடைக்கு வர ஐந்தாறு மாதம் ஆகும். தை மாதம் அடை வைத்தால் மாசியில் பொரித்து, ஆடிக் கிடா வெட்டு, கோயில் கொடைக்குக் கைக்கு வரும். தீபாவளிக்கு வேண்டுமென்றால் பங்குனி, சித்திரையில் வைக்க வேண்டும். வெயிலில் பொரிப்பு குறையும் என்பதால் ஒரு பெட்டைக்குக் கூடுதலாக அடை வைப்பது நல்லது. புரட்டாசியில் கறி வாங்க ஆள் குறைவு. அந்த மாதம் விலையைக் கேட்டு மனம் உடைந்து விற்காமல், ஐப்பசி வரை கம்பும் கரையானும் போட்டு வைத்திருப்பவருக்குக் கூடுதல் விலை கிடைக்கும்.